இரண்டு நோடுகள், ஒரு வட்டு: மெய்நிகர் இயந்திரங்களில் இயங்கிய ஆரக்கிள் கிளஸ்டர் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஒரு மொத்த விற்பனை நிறுவனத்தின் பில்லிங் தரவுத்தளம் ஒன்பது நாட்கள், மீட்டெடுக்க வழியே இல்லாத நிலையில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஒன்பது நாட்களும் பில்கள் வழக்கம்போல் அச்சாயின, லாரிகள் வழக்கம்போல் கிளம்பின, இரவு பேக்கப்பும் பெரும்பாலான நாட்களில் வெற்றி என்றே மின்னஞ்சல் அனுப்பியது. பத்தாம் நாள் காலையில் தரவுத்தளம் உறைந்து நின்றபோதுதான் உள்ளே நடந்துகொண்டிருந்தது எங்களுக்குத் தெரிந்தது. அந்தத் தரவுத்தளத்துக்குப் பொறுப்பாக இருந்தவன் என்ற முறையில், எந்த முடிவு எந்த இடத்தில் தவறானது என்பதை இங்கே வரிசையாகப் பதிவு செய்கிறேன். மெய்நிகர் இயந்திரங்களில் கிளஸ்டர் (ஒன்றாகச் சேர்ந்து இயங்கும் சர்வர்களின் தொகுப்பு) அமைக்கும் எவரும் இதே இடத்தில் இடறி விழக்கூடும் என்பதே இதை எழுதக் காரணம்.

அமைப்பும் அதற்கான காரணமும்

பழைய அமைப்பில் இரண்டு தனித்தனி சர்வர்கள் இருந்தன. ஃபைபர் சேனல் வழியாக ஒரே சேமிப்பகத்தின் வட்டுகளை இரண்டும் பார்த்தன. அவற்றின் மேல் வட்டுகளை நிர்வகிக்கும் ஆரக்கிளின் ஏ.எஸ்.எம்., அதற்கும் மேல் இரண்டு நோடு கொண்ட ஆர்.ஏ.சி. தரவுத்தளம், அதாவது ஒரே தரவுத்தளத்தை நோடுகள் எனப்படும் பல சர்வர்கள் சேர்ந்து இயக்கும் ஏற்பாடு. சர்வர்களின் பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்ததும், நான்கு ஹோஸ்ட்கள் (மெய்நிகர் இயந்திரங்களைத் தாங்கும் சர்வர்கள்) கொண்ட, வி.எம்.வேரின் வி-ஸ்பியர் 6.7 சூழலுக்கு எல்லாவற்றையும் மாற்றுவது என்று முடிவாயிற்று. தரவுத்தளம் 19சி பதிப்பு. இயங்குதளம் ஆரக்கிள் லினக்ஸ் 7.

மெய்நிகர் சூழலுக்குப் போன பிறகும் ஆர்.ஏ.சி. எதற்கு என்ற கேள்வி அப்போதே எழுந்தது, நியாயமான கேள்விதான். ஒரு ஹோஸ்ட் விழுந்தால் மெய்நிகர் இயந்திரத்தை இன்னொரு ஹோஸ்டில் தானாகக் கிளப்பும் வசதி வி-ஸ்பியரிலேயே இருக்கிறது. சில நிமிட நிறுத்தத்தைப் பொறுத்துக்கொள்ளும் நிறுவனத்துக்கு ஒற்றைத் தரவுத்தளமும் அந்த வசதியுமே போதும் என்பதுதான் இன்றும் என் கருத்து. இங்கே ஆர்.ஏ.சி.யைத் தக்கவைத்ததற்குக் காரணம் வேறு: விடியற்காலை முதல் நள்ளிரவு வரை சரக்கு ஏற்றப்படும் இடத்தில், ஒரு நோடை நிறுத்தி பேட்ச் போட்டு, அது எழுந்த பிறகு அடுத்த நோடை நிறுத்தும் முறை தவிர பராமரிப்புக்கு வேறு நேரம் கிடைக்கவில்லை.

இரண்டாவது இயந்திரம் எழ மறுத்த கதை

முதல் நோடை உருவாக்கி, அதற்கு வட்டுகளைச் சேர்த்து, இரண்டாவது நோடுக்கும் அதே வட்டுக் கோப்புகளைக் காட்டிவிட்டு இயக்கியபோது, கோப்பைப் பூட்ட முடியவில்லை என்ற பிழையோடு அது எழ மறுத்தது. இந்தப் பிழையைச் சற்று நின்று புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்த அத்தனைக்கும் விதை இதில்தான் இருக்கிறது.

வி-ஸ்பியரில் மெய்நிகர் வட்டு என்பது வி.எம்.எஃப்.எஸ். என்ற கோப்பு முறைமையில் இருக்கும் ஒரு கோப்பு. வி.எம்.எஃப்.எஸ். தானே ஒரு கிளஸ்டர் கோப்பு முறைமை. பல ஹோஸ்ட்கள் ஒரே நேரத்தில் அதைத் திறந்து வைத்திருக்கலாம். ஆனால் ஒவ்வொரு வட்டுக் கோப்பையும் ஒரு நேரத்தில் ஒரு இயந்திரம் மட்டுமே எழுதலாம் என்பதற்காக, இயந்திரம் எழும்போது அதன் ஹோஸ்ட் அந்தக் கோப்பின் மேல் தனிப் பூட்டு ஒன்றைப் போட்டுக்கொள்கிறது. ஹோஸ்ட் உயிரோடு இருக்கும் வரை பூட்டும் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். நம் வீட்டுக் கதவைப் பூட்டிச் சாவியை ஒருவரிடம் மட்டும் கொடுத்து வைப்பதற்கு ஒப்பான ஏற்பாடு இது. எங்கள் இரண்டாவது நோடு கண்ட பிழை, அந்தப் பூட்டு தன் வேலையைச் சரியாகச் செய்ததன் அடையாளம்.

ஆர்.ஏ.சி.க்கு இரண்டு நோடுகளும் ஒரே வட்டில் எழுதியாக வேண்டும். அதற்காக வி.எம்.வேர் வைத்திருக்கும் வழி மல்டி-ரைட்டர் என்ற அடையாளம். வட்டின் பகிர்வு அமைப்பில் இரண்டு இயந்திரங்களிலும் இதைக் குறித்துவிட்டால், அந்தக் கோப்புக்கான தனிப் பூட்டு நீங்கி, எட்டு ஹோஸ்ட்கள் வரை ஒரே கோப்பைத் திறந்து எழுத முடியும். இதோடு வேறு சில நிபந்தனைகளும் உண்டு. வி.எம்.எஃப்.எஸ்.ஸில் வட்டு முழு அளவுக்கும் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டு, முழுவதும் பூஜ்ஜியம் எழுதப்பட்டதாக இருக்க வேண்டும்; எழுத எழுத இடம் ஒதுக்கும் வகை வட்டானால் ஒவ்வொரு ஒதுக்கீட்டுக்கும் ஹோஸ்ட் கோப்பின் மேல்தகவலை (எந்த இடம் யாருடையது என்ற குறிப்பை) மாற்ற வேண்டியிருக்கும். ஆர்.ஏ.சி. வட்டுகளுக்கு, ஸ்கஸி கட்டுப்படுத்தியில் பஸ் பகிர்வு என்ற அமைப்பைத் தொடாமல் விட வேண்டும். அது விண்டோஸ் கிளஸ்டருக்கானது. வட்டின் அடையாள எண் லினக்ஸுக்குத் தெரியும்படி இயந்திரத்தின் அமைப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு நோடுகளிலும் வட்டுப் பெயர்கள் மறுதொடக்கத்தின்போது இடம் மாறும்போது, எது எது என்று சொல்ல நம்பகமான வழி இராது. இவையெல்லாவற்றையும் நாங்கள் முறைப்படியே செய்தோம்.

இழப்பதும் உண்டு. மல்டி-ரைட்டர் வட்டுகளை ஸ்நாப்ஷாட் எடுக்க முடியாது. இயந்திரம் ஓடும்போது வட்டை வேறு சேமிப்பகத்துக்கு நகர்த்தவோ பெரிதாக்கவோ முடியாது. மாறிய பகுதிகளை மட்டும் எடுக்கும் பேக்கப் முறை வேலை செய்யாது. அதாவது மெய்நிகர் இயந்திரங்களுக்கென்று வாங்கிய பேக்கப் மென்பொருள், இந்த இரண்டு நோடுகளில் இயங்குதள வட்டை மட்டும்தான் காப்பாற்றும். அதன் தினசரி அறிக்கையில் இரண்டு நோடுகளும் பச்சை நிறத்தில்தான் தெரியும். நிர்வாகத்தில் இருந்தவர்கள் அந்தப் பச்சையைத் தரவுத்தளத்துக்கும் சேர்த்தே படித்தார்கள். அதை முதல் வாரத்திலேயே எழுத்துமூலம் விளக்கியிருக்க வேண்டும். நான் வாய்மொழியாகச் சொன்னதோடு விட்டுவிட்டேன்.

பூட்டு போனபின் காவல் யாருடையது

பூட்டை எடுத்துவிட்ட வட்டில் இரண்டு நோடுகள் எப்படிச் சண்டையில்லாமல் எழுதுகின்றன என்பதுதான் இந்த ஆய்வின் மையம்.

ஆர்.ஏ.சி.யில் ஒவ்வொரு தரவுப் பிளாக்கும் இப்போது யார் கையில், எந்த நிலையில் இருக்கிறது என்ற பதிவேடு எல்லா நோடுகளுக்கும் பிரித்து வைக்கப்பட்டிருக்கிறது. முதல் நோடு மாற்றி இன்னும் வட்டில் எழுதாத ஒரு பிளாக் இரண்டாவது நோடுக்கு வேண்டுமென்றால், அது வட்டைப் படிப்பதில்லை. பதிவேட்டைக் கேட்கிறது, பதிவேடு வைத்திருப்பவரைக் காட்டுகிறது, வைத்திருக்கும் நோடு அந்தப் பிளாக்குக்கான ரீடூ பதிவை (மாற்றங்களின் குறிப்பை) முதலில் வட்டில் எழுதி முடித்துவிட்டு, பிறகு நோடுகளுக்கிடையேயான தனி வலையமைப்பு வழியாகப் பிளாக்கை நேராக நினைவகத்துக்கே அனுப்பிவைக்கிறது. ஆரக்கிள் இதை கேஷ் ஃப்யூஷன் என்று அழைக்கிறது. 2001இல் 9ஐ பதிப்போடு ஆர்.ஏ.சி. என்ற பெயர் வந்தபோது முழுமை பெற்ற நுட்பம் இது. இதன் முன்னோடியான பேரலல் சர்வர், 1980களில் வேக்ஸ் கிளஸ்டர்களின் பகிர்ந்த பூட்டு மேலாளரைச் சார்ந்து வளர்ந்தது. வட்டைப் பகிர்வதற்கு முன்பே பூட்டைப் பகிரும் வழியை அந்தக் காலத்துப் பொறியாளர்கள் கட்டிவிட்டார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு அவர்கள்மேல் பெரும் மரியாதை உண்டாகிறது.

இன்னொரு காவலும் உண்டு. ஒரு நோடு மற்றவற்றோடு பேச முடியாமல் போனால், அது உயிரோடு இருந்தாலும் கிளஸ்டர் அதை வெளியேற்றியாக வேண்டும். வலையமைப்பில் 30 வினாடி பதில் இல்லையென்றாலோ, எந்த நோடு உயிரோடு இருக்கிறது என்று பதிவாகும் வோட்டிங் வட்டுகளில் பாதிக்கு மேல் பார்க்க முடியவில்லையென்றாலோ அந்த நோடு வெளியேற்றப்படும். தாமதமாக எழுந்து பழைய தகவலை எழுதிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு கடுமை. மெய்நிகர் இயந்திரத்தில் இந்தக் கடுமை இன்னும் அவசியமாகிறது. இரும்புச் சர்வர் ஒன்று பாதி வாக்கியத்தில் உறைந்து, ஒரு நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் தொடர்வது அபூர்வம். மெய்நிகர் இயந்திரத்துக்கு அது அன்றாடம் நேரக்கூடியது. இயந்திரத்தை இடைநிறுத்தி மீண்டும் தொடரவிட்டால், இடையில் காலம் கடந்ததே உள்ளிருக்கும் இயங்குதளத்துக்குத் தெரியாது. மல்டி-ரைட்டர் வட்டு உள்ள இயந்திரத்தை இடைநிறுத்தக் கூடாது என்று விதி இருப்பதன் காரணம் இதுவே.

ஆக, எங்கள் தரவு வட்டுகளிலும் வோட்டிங் வட்டுகளிலும் வி.எம்.எஃப்.எஸ். கைவிட்ட காவலை ஆரக்கிள் எடுத்துக்கொண்டது. அவற்றில் கடைசி வரை ஒரு பிளாக்கும் கெடவில்லை. கெட்டது ஏழாவது வட்டு.

ஏழாவது வட்டு

ஆர்.ஏ.சி.யில் ஒவ்வொரு நோடும் தனக்கென்று ஒரு ரீடூ தொடரை எழுதுகிறது. மீட்பின்போது இரண்டு தொடர்களும் வேண்டும். ஒன்று இல்லையென்றால் மற்றது பயனில்லை. எனவே ஆர்க்கைவ் லாக்குகளை (நிரம்பிய ரீடூ கோப்புகளின் நகல்களை) இரண்டு நோடுகளும் பார்க்கக்கூடிய இடத்தில் வைப்பதே முறை. பழைய அமைப்பில் இதற்கு வலையமைப்பு வழியாகக் கோப்புகளைப் பகிரும் ஒரு என்.எஃப்.எஸ். பகிர்வு இருந்தது, புதிய சூழலில் அந்த என்.எஃப்.எஸ். சர்வரும் ஓய்வு பெறுவதாக இருந்ததால், மாற்று இடம் தேவைப்பட்டது.

ஆறு வட்டுகளை மல்டி-ரைட்டராக வெற்றிகரமாகப் பகிர்ந்திருந்தோம். ஏழாவதாக 500 ஜி.பி. வட்டு ஒன்றையும் அதேபோல் பகிர்ந்து, அதில் கோப்பு முறைமை போட்டு, இரண்டு நோடுகளிலும் ஒரே பாதையில் மவுண்ட் செய்தால் (இணைத்தால்) வேலை முடிந்தது என்று தோன்றியது. லினக்ஸ் 7இன் இயல்பான கோப்பு முறைமை எக்ஸ்.எஃப்.எஸ்.; அதையே போட்டோம். அந்த முடிவை எடுத்த கூட்டம் பத்து நிமிடம்கூட நடக்கவில்லை.

சோதனையில் ஒரு அறிகுறி வெளிப்படையாகவே தெரிந்தது. என்னுடன் பணியாற்றிய இளம் சிஸ்டம் நிர்வாகி முதல் நோடில் ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கிவிட்டு இரண்டாவது நோடில் தேடினார்.

"சார், ஒன்னாவது நோடுல போட்ட ஃபைல் ரெண்டாவதுல தெரியல. அன்மவுண்ட் பண்ணி திரும்ப மவுண்ட் பண்ணா வந்துடுது."

"கேஷா இருக்கும்பா. ஆர்க்கைவ் எழுத ஆரம்பிச்சதும் பாத்துக்கலாம்" என்றேன்.

அவர் கண்டது கேஷ்தான், அதில் பிழையில்லை. அந்தக் கேஷ் ஒருநாளும் சரியாகாது என்பதை நான் யோசிக்கவில்லை. எக்ஸ்.எஃப்.எஸ். மவுண்ட் ஆகும்போது, எந்த இடம் காலி, எந்தக் கோப்பு எங்கே என்ற தகவல்களைப் படித்துத் தன் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. வட்டை வேறு யாரும் தொட மாட்டார்கள் என்பது அதன் அடிப்படை நம்பிக்கை. ஒரே கோப்பு முறைமையை ஒரே இயங்குதளத்தில் இருமுறை மவுண்ட் செய்ய முயன்றால் அடையாள எண்ணைப் பார்த்து மறுத்துவிடும். பக்கத்து இயந்திரத்தில் இருக்கும் இன்னொரு இயங்குதளம் அதற்குத் தெரியாது. அப்படித் தெரியாமல் போகாதிருக்க வேண்டிய பூட்டைத்தான் நாங்களே கழற்றி வைத்திருந்தோம்.

ஒன்பது நாட்கள்

முதல் நாள் இரவே பேக்கப் தோல்வியுற்றது. பேக்கப் முதல் நோடிலிருந்து ஓடியது; இரண்டாவது நோடின் ஆர்க்கைவ் லாக் எதிர்பார்த்த இடத்தில் இல்லை, இந்த இழப்பு மீட்புத்திறனைப் பாதிக்கும் என்ற ஆர்மேன்-06059 பிழை வந்தது (ஆர்மேன் என்பது ஆரக்கிளின் பேக்கப் கருவி). பிழைச் செய்தி எவ்வளவு தெளிவாக நிலைமையைச் சொல்கிறது என்று இப்போது படித்தால் மனம் கனக்கிறது. ஆனால் அந்தக் கோப்புகள் இரண்டாவது நோடில் கண்ணெதிரே இருந்தன. இடமாற்றத்தின்போது ஆர்மேனின் கோப்புப் பட்டியல் குழம்பியிருக்கும் என்று எண்ணி, கோப்புகளைச் சரிபார்த்து, இல்லாதவற்றைப் பட்டியலிலிருந்து நீக்கும் இரண்டு கட்டளைகள் பேக்கப் ஸ்கிரிப்ட்டில் சேர்க்கப்பட்டன. மறுநாள் முதல் பேக்கப் வெற்றி.

இந்த வெற்றியின் பொருளை விளக்க வேண்டும். ஓடும் தரவுத்தளத்தைப் பேக்கப் எடுக்கும்போது ஒவ்வொரு தரவுக் கோப்பும் வெவ்வேறு நொடியின் நிலையில் பதிவாகிறது. அவற்றை ஒரே நொடிக்குக் கொண்டுவர, பேக்கப் ஓடிய நேரத்தில் உருவான ரீடூ முழுவதும், இரண்டு நோடுகளினுடையதும், வேண்டும். ஸ்கிரிப்ட்டோ ஒவ்வொரு இரவும் இரண்டாவது நோடின் ஆர்க்கைவ் லாக்குகள் இல்லை என்று பதிவு செய்து, அவற்றைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு, மிச்சத்தை எடுத்து, வெற்றி என்று சொன்னது. அந்தப் பேக்கப்களில் ஒன்றைக்கூடத் தனியாக வைத்துத் தரவுத்தளத்தை முறைப்படி திறந்திருக்க முடியாது.

நான்காம் இரவு வேறொரு பிழை: முதல் நோடின் ஆர்க்கைவ் லாக் ஒன்றில் ஒரு பிளாக் கெட்டிருக்கிறது என்று ஓ.ஆர்.ஏ-19599. சேமிப்பகக் குழுவிடம் கேட்டோம். வட்டுப் பெட்டியில் எந்தப் பழுதும் இல்லை என்று பதில் வந்தது, அது உண்மையும்கூட. கண்காணிப்பில் வைப்போம் என்று முடிவானது.

ஒன்பது நாட்கள் எப்படித் தாங்கியது என்று பிறகு பலர் கேட்டார்கள். ஒவ்வொரு நோடும் தன் நினைவகத்தில் வைத்திருந்த வரைபடம் தனக்குள் முரண்பாடில்லாதது. தான் எழுதியதைத் தானே நினைவகத்திலிருந்து படிக்கும் வரை எல்லாம் சரியாகவே தெரியும். நினைவக நெருக்கடியில் அந்தப் பக்கங்கள் வெளியேற்றப்பட்டு, மீண்டும் வட்டிலிருந்து படிக்கும்போதுதான் மற்றவன் எழுதிய வரைபடம் கண்ணில் படும். அதுவரை சேதம் சத்தமில்லாமல் சேர்ந்துகொண்டிருக்கும்.

பத்தாம் நாள் காலை

காலை ஆறு மணிக்குச் சற்று முன்பு, இரண்டாவது நோடின் எக்ஸ்.எஃப்.எஸ். தன் மேல்தகவல் சிதைந்திருப்பதைக் கண்டு தன்னைத்தானே மூடிக்கொண்டது. அந்தப் பாதையில் எதைத் தொட்டாலும் "இன்புட்/அவுட்புட் எரர்" என்ற பதில்தான் வந்தது. ஆர்க்கைவ் எழுத இடமில்லாத நோடு, சுழற்சியில் இருந்த ஆன்லைன் ரீடூ லாக்குகள் நிரம்பும் வரை ஓடி, பிறகு நின்றது. புதிதாக இணைய முயன்றவர்களுக்கு ஓ.ஆர்.ஏ-00257 என்ற ஆர்க்கைவர் பிழை.

முதல் நோடு தப்பித்திருக்க வேண்டும் என்று எண்ணத் தோன்றும். அதன் பயனர்களும் சில நிமிடங்களில் உறைந்தார்கள். மாற்றப்பட்ட பிளாக்கை அடுத்த நோடுக்கு அனுப்பும் முன் அதற்கான ரீடூவை எழுத வேண்டும் என்று மேலே சொன்னேன். ரீடூ எழுத முடியாமல் நின்ற இரண்டாவது நோடு, தன் கையிலிருந்த பிளாக்குகளை விடவும் முடியாமல் நின்றது. முதல் நோடு அவற்றுக்காகக் காத்திருந்தது. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு முழுக் கிளஸ்டரும் செத்ததுபோலத் தெரிந்தது. கிடங்கு வாசலில் லாரிகள் வரிசையாக நிற்க, பில் எழுதும் பிள்ளைகள் பழைய கார்பன் புத்தகங்களைத் தேடி எடுத்துக் கையால் எழுதத் தொடங்கியிருந்தார்கள்.

நிறுத்தத்தை முடித்துவைத்தது ஒரே ஒரு மாற்றம். ஏ.எஸ்.எம்.மின் தரவுக் குழுவில் போதிய இடம் இருந்ததால், ஆர்க்கைவ் இலக்கை இரண்டு நோடுகளுக்கும் அங்கே திருப்பினோம். ஆர்க்கைவர் நிலுவையில் இருந்தவற்றை எழுதி முடித்த நிமிடமே உறைந்திருந்த அமர்வுகள் தொடர்ந்தன. நிறுத்தம் மொத்தம் 50 நிமிடம்.

சாட்சி

இரண்டு நோடுகளிலும் அந்த வட்டை அன்மவுண்ட் செய்ததும் முதலில் செய்தது, அதை அப்படியே பிட்டுக்குப் பிட்டு நகலெடுத்து வைத்ததுதான். பழுதுபார்க்கும் கருவியை ஓடவிடும் ஆசை அந்த நேரத்தில் பலமாக இருந்தது. இரண்டு பேர் எழுதிய வரைபடத்தை ஒருவர் எழுதியதாக எண்ணி அது சரிசெய்யும்போது, எஞ்சிய சாட்சியும் அழிந்துவிடும்.

நான்காம் இரவில் கெட்டதாகச் சொல்லப்பட்ட ஆர்க்கைவ் லாக்கை நகலிலிருந்து எடுத்து, கெட்ட பிளாக்கைப் பதினாறடிமான எண்களில் விரித்துப் பார்த்தோம். ரீடூ பிளாக் ஒவ்வொன்றும் 512 பைட். அதன் முதல் 16 பைட்டில் பிளாக் எண்ணும், அது எந்த வரிசை எண்ணுள்ள லாக்கைச் சேர்ந்தது என்பதும், சரிபார்ப்புத் தொகையும் இருக்கும். முதல் நோடின் லாக்குகள் அப்போது 8,000க்கு மேற்பட்ட வரிசை எண்ணில் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டாவது நோடினுடையவை 7,000த்தில். விரித்த பிளாக்கின் தலைப்பில் இருந்த வரிசை எண் 7,000த்தில் ஒன்று. பிளாக்கின் சரிபார்ப்புத் தொகையும் சரியாக இருந்தது. அதாவது வட்டு பழுதாகவில்லை. மிகச் சரியான ஒரு பிளாக், வேறொருவரின் கோப்புக்கு நடுவே, மிகச் சரியாக எழுதப்பட்டிருந்தது. காலியென்று இருவரும் நம்பிய ஒரே இடத்தை இருவரும் எடுத்துக்கொண்டதற்கு இதைவிட நேரடியான சாட்சி தேவையில்லை.

இரண்டாவது நோடின் கெர்னல் பதிவில் இன்னொன்று கிடைத்தது. சோதனை நாளன்று அது மவுண்ட் ஆன நிமிடத்தில் "ஸ்டார்ட்டிங் ரெக்கவரி" என்ற வரி. முதல் நோடு உயிரோடு எழுதிக்கொண்டிருந்த ஜர்னலை (கோப்பு முறைமையின் மாற்றக் குறிப்பேட்டை), விபத்தில் இறந்தவர் விட்டுச்சென்ற ஜர்னல் என்று கருதி, இரண்டாவது நோடு அதை மீட்க முற்பட்டிருக்கிறது. சேதம் அந்த நிமிடத்திலேயே தொடங்கிவிட்டது. அன்றைக்கு அந்தப் பதிவைத் திறந்து பார்த்திருந்தால் அந்த ஒரு வரியே போதுமானதாக இருந்திருக்கும்.

சீரமைப்பு

தரவுக் கோப்புகளை ஆர்மேன் வழியாகத் தர்க்கச் சோதனையோடு முழுவதும் படித்துப் பார்த்ததில் ஒரு பிளாக்கும் கெடவில்லை. உடனே முழு பேக்கப் ஒன்றை எடுத்தோம். அதற்கு முந்தைய ஒன்பது நாட்களின் எந்த நொடிக்கும் திரும்ப முடியாது என்பதை நிர்வாகத்துக்கு எழுத்தில் தெரிவித்தோம். எழுதக் கடினமான கடிதம். ஆனால் யாரேனும் ஒருவர் ஆறு நாட்களுக்கு முந்தைய நிலைக்குத் திருப்பச் சொல்லிக் கேட்கும் நாளில் தெரிய வருவதைவிட அன்றே தெரிவது மேல்.

ஏழாவது வட்டுக்குப் பதிலாகப் புதிய வட்டுகளை மல்டி-ரைட்டராக உருவாக்கி, ஏ.எஸ்.எம்.மில் மீட்புப் பகுதிக்கென்று தனிக் குழுவாகச் சேர்த்தோம். அங்கே எழுதும் இரண்டு நோடுகளுக்கும் இடையில் ஏ.எஸ்.எம். காவல் நிற்கும். இதைத் தவிரவும் வழிகள் இருந்தன: பொதுவான கோப்புகள் வேண்டுமென்றால் ஆரக்கிளின் ஏ.சி.எஃப்.எஸ்., அல்லது 2006லேயே லினக்ஸ் கெர்னலில் சேர்ந்துவிட்ட ஓ.சி.எஃப்.எஸ்.2, ஜி.எஃப்.எஸ்.2 போன்ற கிளஸ்டர் கோப்பு முறைமைகள். சாதாரணமான என்.எஃப்.எஸ்.கூட முறையான தீர்வே; அதில் வட்டுக்குச் சொந்தக்காரர் ஒருவர்தான், மற்றவர்கள் அவரிடம் கேட்டு எழுதுகிறார்கள். இ.எக்ஸ்.டி.4 கோப்பு முறைமையில் பலமுறை மவுண்ட் ஆவதைத் தடுக்கும் எம்.எம்.பி. என்ற பாதுகாப்பும் இருக்கிறது, ஆனால் அதை நாமே இயக்க வேண்டும், இயல்பாக வருவதில்லை.

பேக்கப் ஸ்கிரிப்ட்டிலிருந்து, இல்லாத கோப்புகளைப் பட்டியலிலிருந்து நீக்கும் வரியை எடுத்தோம். என் பார்வையில் இந்த நிகழ்வின் மிகப் பெரிய பிழை எக்ஸ்.எஃப்.எஸ். போட்டது அல்ல, இந்த வரிதான். முதல் தவறு ஒரே இரவில் வெளிப்பட்டிருக்கும்; இந்த வரி அதை ஒன்பது நாட்கள் மூடி வைத்தது. ஆர்க்கைவ் லாக் காணவில்லை என்று ஆர்மேன் சொன்னால், அது எங்கே போனது என்று கண்டுபிடிக்கும் வரை யாரும் பட்டியலைத் தொடக் கூடாது என்று இப்போது எழுதி வைத்திருக்கிறோம்.

வட்டுகளுக்கு ஒரு பதிவேடும் தொடங்கினோம். பகிரப்படும் ஒவ்வொரு வட்டுக்கும் எதிரே ஒரே ஒரு கேள்வி: வி.எம்.எஃப்.எஸ். பூட்டை எடுத்த பிறகு இதில் எழுதுவதை ஒழுங்குபடுத்துவது எந்த மென்பொருள்? பதில் எழுத முடியாத வட்டுக்கு மல்டி-ரைட்டர் கிடையாது. இரண்டு நோடுகளும் ஒரே ஹோஸ்டில் சேராதபடி வி-ஸ்பியரில் விதி போட்டதும், இயந்திரங்களை இடைநிறுத்தும் உரிமையை ஆபரேட்டர்களிடமிருந்து நீக்கியதும் இதோடு சேர்ந்து நடந்தன.

இது வி-ஸ்பியருக்கு மட்டும் உரிய ஆபத்தன்று. விர்ச்சுவல்பாக்ஸிலும் கே.வி.எம்.மிலும் வட்டைப் பகிரத்தக்கதாகக் குறிக்கும் அமைப்பு இருக்கிறது. ஹைப்பர்-வியில் 2012 ஆர்2 முதல் பகிர்ந்த மெய்நிகர் வட்டு உண்டு. அமேசான் 2020இல் ஒரே இ.பி.எஸ். வட்டை 16 இயந்திரங்கள் வரை இணைக்கும் மல்டி-அட்டாச் வசதியைக் கொண்டுவந்தபோது, எக்ஸ்.எஃப்.எஸ்., இ.எக்ஸ்.டி.4 போன்றவை ஒரே நேரத்தில் பல சர்வர்கள் பயன்படுத்துவதற்காக அமைக்கப்பட்டவை அல்ல என்பதைத் தன் ஆவணத்திலேயே எழுதி வைத்தது. போஸ்ட்கிரெஸ், மை-எஸ்.க்யூ.எல். போன்ற தரவுத்தளங்களைப் பகிர்ந்த வட்டில் வைப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அவை ஒரே தரவு அடைவில் இரண்டு சர்வர்கள் ஒரே நேரத்தில் எழுதுவதை அறியாதவை. ஒரு நேரத்தில் ஒரு நோடு மட்டுமே வட்டைத் திறக்கும் என்பதையும், தோற்ற நோடு உறுதியாக அணைக்கப்பட்ட பிறகே அடுத்தது எழும் என்பதையும் பேஸ்மேக்கர் போன்ற கிளஸ்டர் மேலாளர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒன்றை மட்டும் நாங்கள் இன்னும் தீர்க்கவில்லை. தரவு, வோட்டிங், மீட்பு வட்டுகள் எல்லாம் ஒரே சேமிப்பகப் பெட்டியில் இருக்கின்றன. அந்தப் பெட்டி விழுந்தால் இரண்டு நோடுகளும் சேர்ந்தே விழும், ஆர்.ஏ.சி. காப்பது சர்வர் இழப்பிலிருந்து மட்டுமே. ஆரக்கிளின் டேட்டா கார்டு வசதி வழியாக வேறிடத்தில் ஒரு நகல் வைக்க வேண்டும் என்ற கோரிக்கை அடுத்த நிதியாண்டுக்குப் போயிருக்கிறது. அதுவரை பேக்கப் கோப்புகள் தினமும் வேறு கட்டடத்துக்கு நகலாகின்றன.

புதிய மீட்புப் பகுதி இயங்கத் தொடங்கிய மூன்றாம் வாரம், தனி இயந்திரம் ஒன்றில் மீட்புச் சோதனை நடத்தினோம். முந்தைய நாள் மாலை 4.10 மணி நிலைக்குத் தரவுத்தளத்தைக் கொண்டுவருவது இலக்கு. மீட்பின்போது இரண்டு நோடுகளின் லாக்குகளும் மாறி மாறித் திரையில் ஏறின, தரவுத்தளம் திறந்தது. இளம் நிர்வாகி அந்த முந்தைய நாள் மாலை 4.09க்கு எழுதப்பட்ட பில் ஒன்றின் எண்ணைக் கிடங்கிலிருந்து முன்பே வாங்கி வைத்திருந்தார். அது இருந்தது. 4.11க்கு எழுதப்பட்டது இல்லை. அன்று இரவுதான் பழைய ஏழாவது வட்டின் கோப்பை அழித்தோம்.